ரோஸ்லினிடம் மட்டும் தூங்கிய குழந்தைகள்

ரோஸ்லின் எழுதிக் கொடுத்துவிட்டாள் என்று கேள்விப்பட்ட பிறகுதான் நான் எழுத உட்கார்ந்தேன். அதுவரை கண் சரியில்லை, கை வலிக்கிறது, வீட்டில் ஆள் இல்லை என்று வரிசையாகச் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் வட்டாரத்தில் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் கிராம சுகாதார செவிலியர்கள் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்களாம். ஓய்வு பெற்றவர்கள் அனுபவம் எழுதித் தர வேண்டுமாம்.

"பச்சக் கொழந்தய எப்படித் தூங்க வைக்கணும்னு எழுதுங்கக்கா. இப்ப எங்களுக்கு ரப்பர் பொம்மைய வச்சு டிரெய்னிங் குடுக்குறாங்க. அது அழவே மாட்டேங்குது" என்று வானூரிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். வைக்கும்போது, "ரோஸ்லின் அக்கா எழுதினதப் படிச்சிட்டு நாங்க எல்லாரும் அழுதுட்டோம்" என்று சேர்த்துக்கொண்டாள்.

அழுதார்களாம். அன்று சாயங்காலமே பேப்பர் வாங்கி வந்துவிட்டேன்.

ஒளித்து என்ன ஆகப்போகிறது? மரக்காணம் உப்பளக் கரையில் நான் வேலை பார்த்த காலம் முழுக்க எனக்கு ரோஸ்லின் மேல் பொறாமை. இப்போதும் உண்டு. பென்ஷன் மாதிரி மாசாமாசம் தவறாமல் வருகிறது.

பயிற்சி எங்கள் இருவருக்கும் ஒரே இடத்தில்தான். ஒரே விடுதி, ஒரே சாம்பார், ஒரே திட்டு. வேலை கிடைத்து வந்து சேர்ந்ததும் பக்கத்துப் பக்கத்துத் துணை சுகாதார நிலையங்களில். உப்பளத்துக்கு இந்தப் பக்கத்து ஊர்கள் எனக்கு, அந்தப் பக்கத்து ஊர்கள் அவளுக்கு. பயிற்சியைப் பற்றி எழுத வேறு ஒன்றும் இல்லை. அங்கேயும் அவள்தான் முதல் மார்க்.

ரோஸ்லின் ஒல்லி. பேச்சும் ஒல்லி. நான் இரண்டிலும் நேர் எதிர். அழுகிற குழந்தையை யார் கொடுத்தாலும் அவள் வாங்கித் தோளில் சாய்த்துக்கொள்வாள். முதுகில் உள்ளங்கையை வைப்பாள். தட்டக்கூட மாட்டாள், சும்மா வைப்பாள். அது ஒரு விக்கு விக்கிவிட்டுத் தூங்கிப்போகும். அதே குழந்தையை நான் வாங்கினால், தூங்கிக்கொண்டிருந்ததுகூட விழித்து என் முகத்தைப் பார்த்துவிட்டு அலறும்.

இதில் ஏதோ சூட்சுமம் இருக்கிறது என்று எனக்கு அசைக்க முடியாத சந்தேகம். அவள் தேய்க்கும் தேங்காய் எண்ணெயையே வாங்கித் தேய்த்துப் பார்த்தேன். அவள் தொண்டைக்குள் முனகுகிற பாட்டை, மெட்டு தெரிந்த வரைக்கும் முனகிப் பார்த்தேன். கடைசியில், குழந்தைகள் வாசனையை வைத்துத்தான் ஆளை அடையாளம் கண்டுகொள்கின்றன என்று எங்கேயோ படித்துவிட்டு, ஒரு விசேஷத்துக்கு என்று பொய் சொல்லி அவளுடைய பழைய காட்டன் புடவையையே இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு போனேன். முதல் வீட்டிலேயே ஒரு பயல் அதன் மேல் பாலைக் கக்கினான். துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி செய்து திருப்பிக் கொடுத்தேன். "விசேஷம் நல்லபடியா முடிஞ்சுதா மல்லி?" என்று கேட்டாள். முடிந்தது என்றேன்.

எங்கள் இரண்டு பேருக்கும் மேலே பகுதி சுகாதார செவிலியராக இருந்தவர் கமலவேணி மேடம். கனத்த உடம்பு, கனத்த குரல், அதைவிடக் கனத்த மௌனம். ஒரு வீட்டுக்குப் போனால் எல்லாரும் முதலில் பேச ஆரம்பிப்போம். அவர் பேசமாட்டார். "புள்ள ராத்திரி எங்க படுக்கும்?" என்று மட்டும் கேட்பார். இடத்தைக் காட்டியதும் கைப்பையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, அந்தப் பாயிலேயே மல்லாந்து படுத்துவிடுவார். வீட்டுக்காரர்கள் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டு வருவார்கள். அவர் அசையாமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்புறம் தலையை இந்தப் பக்கம், அந்தப் பக்கம். பிறகுதான் ஒவ்வொன்றாக வரும்.

"தலைக்கு மேல அரிவாள் சொருகி இருக்குது. எடு."

"செல்போன் ஒயரு கைக்கு எட்டுது. மாத்து."

"இந்த மெத்தையில நான் பொதயறேன். புள்ள மூஞ்சி பொதஞ்சா யாரு தூக்குறது? பாயைப் போடு."

"கொசுவத்திப் புகை நேரா மூக்குக்கு வருது. அத வெளிய வையி. வல இருந்தா கட்டு."

தலை உருண்டையாக வரவேண்டும் என்று எங்கள் பக்கத்தில் கடுகை நிரப்பித் தலையணை தைத்து வைப்பார்கள். மேடம் அதைக் கண்டால் எடுத்து உலுக்கிப் பார்த்துவிட்டு அம்மாக்காரியின் கையில் கொடுப்பார். "இத ரசத்துக்குத் தாளிச்சிக்கோ. புள்ளைக்குத் தலகாணியே வேணாம்." தூளியைக் கண்டால், கண்ணெதிரே கொஞ்ச நேரம் ஆட்டுவது சரி, ராத்திரித் தூக்கத்துக்குத் தூளி கூடாது என்பார். மல்லாக்கப் படுக்க வை, தனிப் பாயில் வை, ஆனால் கைக்கு எட்டும் தூரத்தில் வை. மெல்லிய துணியை அக்குள் வரைக்கும் போர்த்தி இரண்டு பக்கமும் செருகு. கை காலைத் தொட்டுப் பார்த்துக் குளிர்கிறது என்று முடிவு கட்டாதே, அவை எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். பின்கழுத்தில் கையை வைத்துப் பார்.

எங்களையும் படுத்துப் பார்க்கச் சொல்வார். ரோஸ்லின் பாயில் ஒரு துண்டு விழுவது போலப் படுத்து, எழுந்துவிடுவாள். நான் படுத்தால் எழுப்பி விடுவதற்கு அந்த வீட்டில் இரண்டு ஆண்கள் வேண்டும்.

இப்போது சத்யாவின் கதைக்கு வருகிறேன். ரோஸ்லினும் இதைத்தான் எழுதியிருப்பாள், எனக்குத் தெரியும். ஆனால் அவள் பாதிக்குத்தான் வந்தாள்.

சத்யா உப்பளத்தில் கூலி வேலை செய்த பெண். தாவணி வயதிலிருந்தே பாத்தியில் உப்பு வாரியவள். புருஷன் ஏழுமலைக்கும் அதே வேலை. அளத்தை ஒட்டின குடியிருப்பில், என் எல்லையில் அவர்கள் வீடு. முதல் பெண் குழந்தை தூக்கத்திலேயே போய்விட்டது. பனி கொட்டுகிற தை மாசம் அது, சத்யா போர்த்தித்தான் படுக்க வைத்திருந்தாள். விடியலில் தொட்டால் சில்லிட்டுக் கிடந்திருக்கிறது. என்ன காரணம் என்று ஆஸ்பத்திரியிலும் சொல்லத் தெரியவில்லை. குளிர்தான் பிள்ளையைக் கொண்டுபோய்விட்டது என்று சத்யா தனக்குள் முடிவு செய்துகொண்டாள்.

அடுத்த வருஷமே மறுபடியும் ஒரு பெண். மறுபடியும் தை மாசப் பனி. மூன்றாம் மாசமே சத்யா வேலைக்குத் திரும்பிவிட்டாள். அளத்து ஜனங்கள் விடிவதற்கு முன்பே பாத்தியில் இறங்குகிறவர்கள், அதனால் இருட்டத் தொடங்கும்போதே படுத்துவிடுவார்கள். சத்யா மட்டும் படுப்பதில்லை. குழந்தையைத் துணிமேல் துணியாகச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். அது அழும். அவள் இன்னொரு துணியை எடுப்பாள். விடிய விடிய இப்படி. பகல் முழுக்க வெயிலில் உப்பு வாருகிற உடம்பு, ஒரு கட்டத்தில் தானாகச் சரியும். அவள் சரிந்தால் கீழே அந்த மூட்டை. அந்த மூட்டைக்குள் குழந்தை.

அக்கம்பக்கத்தில் சொல்லித்தான் எனக்கு இது தெரிந்தது. சாயங்காலமாகப் பார்த்துப் போனேன்.

"வாங்க நர்சம்மா" என்றான் ஏழுமலை. "பாருங்க, பாப்பாவுக்கு அஞ்சு போர்வ. எனக்குப் போத்திக்க இருந்த ஒரு லுங்கியையும் நேத்து உருவிட்டா. நான் கோணியில படுக்கறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் கண் சிரிக்கவில்லை. குழந்தையை வாங்கினேன். வழக்கம்போல அலறியது. கழுத்தில் கை வைத்தால் வேர்த்து நசநசவென்று இருந்தது. மடிப்பெல்லாம் சிவந்த பொரிப்பொரி.

"சத்யா, புள்ளைக்குக் குளுரல, வேகுது. இத்தன துணி வேணாம்மா."

"உப்புக் காத்துக்கு எல்லாப் புள்ளைக்கும் அப்படித்தாங்கக்கா பொரியும். நீங்க சொன்னாப்புலயே கழுத்துல தொட்டுத் தொட்டுப் பாக்குறேன். சூடே தெரியலியே. ஒண்ணுமே தெரியல."

"நான் தொட்டா சூடா இருக்குதே?"

"அது உங்க கை சூடு" என்றாள்.

பேசினேன். நான் பேச ஆரம்பித்தால் எப்படி என்று எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். ஏழுமலை கோணியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டான். சத்யா எல்லாவற்றுக்கும் தலையாட்டி, துணிகளை ஒவ்வொன்றாக உருவினாள். நான் வாசலைத் தாண்டியதும் உருவின துணிகளை மறுபடியும் சுற்றினாள். படலின் இடுக்கு வழியாகப் பார்த்தேன்.

மறுநாளும் போனேன். அன்றைக்குத்தான் அவள் மெதுவாகக் கேட்டாள். "அக்கா, கோச்சிக்காதீங்க. எங்கம்மா வீட்டுப் பக்கம் ரோஸ்லின் அக்கா வருவாங்க இல்ல, அவங்க ஒரு தபா வந்து பாத்தா நல்லா இருக்கும்."

என் எல்லையில், என் தாய், என் குழந்தை. ரோஸ்லின் வரவேண்டுமாம். சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்த வழியெல்லாம் எனக்கு உடம்பு எரிந்தது. மேடத்திடம் போய் இதை ஒரு புகாராகத்தான் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "கூட்டிக்கினு போ" என்றார். அவ்வளவுதான்.

பஸ் ஏறிக் கூட்டிக்கொண்டு போனேன்.

ரோஸ்லின் உள்ளே நுழைந்து குழந்தையை வாங்கினாள். தோளில் சாய்த்தாள். உள்ளங்கையை வைத்தாள். ஒரு விக்கல். அமைதி. சத்யாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததே, அதற்காக என் சம்பளத்தில் பாதியைக் கொடுத்திருப்பேன். ஏழுமலை கையைக் கட்டிக்கொண்டு, கோயிலில் நிற்பவன் போல நின்றான். ரோஸ்லின் குழந்தையைச் சுற்றிய துணிகளை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டே நான் சொன்னதையே சொன்னாள், வரிக்கு வரி. சத்யா உம் கொட்டிக்கொண்டே கேட்டாள். ஆனால் உருவின துணிகளைத் தன் மடியிலேயே சேர்த்து வைத்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். ரோஸ்லின் போனதும் சுற்றத்தான் அது. அதைப் பார்த்ததும், சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு மனசு கொஞ்சம் குளிர்ந்தது.

அதற்குள் ஏழுமலை டீ போட்டுக் கொண்டுவந்தான். எவர்சில்வர் டம்ளர், விளிம்பு வரைக்கும் கொதிக்கிற டீ. ரோஸ்லின் குழந்தையோடு அந்த மூலையில் இருந்தாள், அதனால் முதல் டம்ளர் எனக்கு வந்தது. வாங்கின வேகத்தில் ஐயோ என்று கத்தி, கையை உதறப் போனேன். சத்யா எட்டி என் கையிலிருந்து டம்ளரை வாங்கிக்கொண்டாள். விளிம்பைப் பிடிக்கவில்லை, முந்தானையால் பிடிக்கவில்லை. வெறும் உள்ளங்கையால் டம்ளரின் வயிற்றைச் சுற்றிப் பிடித்தபடி, ஏழுமலையைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"அறிவிருக்குதா உனக்கு? அக்காவுக்கு ஆத்திக் குடுக்க மாட்ட?"

எனக்கு அதில் ஒன்றும் உறைக்கவில்லை. இந்த இடத்தில் ஏதோ ஞானம் பிறந்ததாக எழுதலாம். உண்மை என்னவென்றால், என் மனசு முழுக்க அந்த மூலையில் இருந்தது. ரோஸ்லினிடம் குழந்தை இருக்கிறது, குழந்தை தூங்குகிறது, எல்லாரும் அவளையே பார்க்கிறார்கள். எனக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. ஆகவே, டம்ளரைச் சத்யா கீழே வைத்ததும், நானும் ஆறுதல் சொல்கிறவள்தான் என்று காட்டிக்கொள்ள, அவள் கையைப் பிடித்தேன்.

பலகையைப் பிடித்தது போல இருந்தது.

திருப்பிப் பார்த்தேன். உப்பு வாருகிற கழி உராய்ந்து உராய்ந்து, உப்புத் தண்ணீரில் ஊறி ஊறிக் காய்ந்து, உள்ளங்கையும் விரல் நுனியும் மஞ்சள் பாரித்த ஒரே காய்ப்பு. அங்கங்கே வெடிப்பு. சற்று முன்பு கொதிக்கிற டம்ளரைப் பிடித்த இடத்தில் ஒரு சிவப்புக்கூட இல்லை. என் விரல்களோ இன்னும் எரிந்துகொண்டிருந்தன.

அப்போதுதான் உறைத்தது. சூடே தெரியலியே, ஒண்ணுமே தெரியல என்று அவள் சொன்னது பிடிவாதம் இல்லை. கையை வைத்துப் பார் என்று நாங்கள் எல்லா அம்மாக்களுக்கும் சொல்லிக்கொண்டிருந்தோம். இந்தக் கையை வைத்தால் என்ன தெரியும்?

"சத்யா" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக, சின்னதாக இருந்தது. "கைய விடு. உன் கன்னத்த வையி. புள்ள கழுத்துக்குப் பின்னால."

ரோஸ்லின் குழந்தையைச் சாய்த்துக் காட்டினாள். சத்யா குனிந்து கன்னத்தை வைத்தாள். வைத்தவள் சுட்டுக்கொண்டவள் போல நிமிர்ந்தாள்.

"ஐயோ, கொதிக்குதேக்கா!"

மறுபடியும் வைத்தாள். இந்தக் கன்னம், அந்தக் கன்னம். மிச்சம் இருந்த துணியை அவளே உருவினாள், ஒரு மெல்லிய சட்டை மட்டும் மிஞ்சுகிற வரைக்கும். குழந்தை கையைக் காலை நீட்டி ஒரு பெருமூச்சு விட்டது. நான் ரோஸ்லினைப் பார்த்தேன். பார்த்தாயா என்கிற பார்வைதான், வேறென்ன. என் வாழ்நாளில் அப்படி ஒரு பார்வை பார்க்க எனக்கு வாய்த்தது அன்றைக்குத்தான்.

அது ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லை. சத்யா அந்தத் துணிகளைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்போ மொதப் பொண்ண நாந்தான் கொன்னுட்டனாக்கா?"

பேச்சுக்குப் பேர் போனவள் நான். அந்த நேரம் என் வாயில் தயாராக இருந்தது ஒன்றே ஒன்றுதான்: சீச்சீ, இல்லவே இல்ல, அதெல்லாம் இல்லம்மா. சொல்ல வாயைத் திறந்தும் விட்டேன். அவள் கண்ணைப் பார்த்ததும், அதை நம்பமாட்டாள் என்று தெரிந்தது. இனி நான் சொல்கிற எதையுமே நம்பமாட்டாள் என்றும் தெரிந்தது. வாய் அப்படியே நின்றது.

ரோஸ்லின் குழந்தையோடு வந்து அவள் எதிரில் உட்கார்ந்தாள்.

"தெரியல சத்யா" என்றாள். "எனக்கும் தெரியாது, மல்லிகாவுக்கும் தெரியாது. டாக்டருக்கே தெரியல. தெரியாதத நான் ஆமான்னும் சொல்லமாட்டேன், இல்லன்னும் சொல்லமாட்டேன்." குழந்தையின் முதுகிலிருந்து கையை எடுக்காமல் கேட்டாள். "நீ எதுக்குப் போத்தின?"

"குளுருமேன்னு."

"அது ஒண்ணுதான் எனக்குத் தெரியும்" என்றாள் ரோஸ்லின்.

சத்யா அழுதாள். முதல் குழந்தை போனதிலிருந்து அவள் இப்படி வாய்விட்டு அழவில்லை என்று ஏழுமலை பிறகு சொன்னான். அப்போது அவன் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, ஒழுங்காகத்தான் இருந்த லுங்கியை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். நாங்கள் அழ விட்டோம்.

அழுகை அடங்கியதும் எழுந்து முகம் கழுவி வந்தாள். பால் கொடுத்தாள். தோளில் போட்டு ஏப்பம் வரும்வரை காத்திருந்தாள். பாயை உதறி விரித்து, மேலே ஒரு துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகினாள். தலையணை இல்லை, சுற்றி ஒன்றும் இல்லை. மல்லாக்க வைத்தாள். அக்குள் வரைக்கும் ஒரே ஒரு மெல்லிய துண்டு. நாங்கள் யாரும் கையை நீட்டவில்லை. குனிந்து கன்னத்தைக் கழுத்தோரம் கொண்டுபோய் வைத்துப் பார்த்து, "இப்ப சரியா இருக்குதுக்கா" என்றாள்.

பஸ் நிறுத்தத்தில் ரோஸ்லின் முகம் ஒரு மாதிரி இருந்தது.

"ஏண்டி மல்லி, அளத்துப் பொம்பளைங்க கைய நான் எத்தினி வாட்டி பாத்திருக்கேன். எனக்கு ஏன் தோணவே இல்ல?"

அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். என் வீட்டிலேயே வளர்ந்தது அது. ரோஸ்லினுக்குப் பொறாமை! என் மேல்! எதிர்க் கடையில் சூடாகப் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார்கள். வாங்கிக் கொடுத்தேன். அவள் பாதி தின்று, "காரம்" என்று வைத்துவிட்டாள். அதையும் நானே தின்றேன். அவ்வளவு சந்தோஷம்.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு அந்தச் சந்தோஷம் மெல்லக் கரைந்தது. கையைக் கண்டுபிடித்தது பெரிதா? இன்றைக்கு நான் இல்லாவிட்டால் நாளைக்கு யாராவது கண்டுபிடித்திருப்பார்கள். அந்தப் பதில்? அது என் வாயில் ஏழு ஜென்மத்துக்கும் வந்திருக்காது. "எப்பிடிடி அப்படி ஒரு பதில் சொன்ன?" என்று கேட்டேன். "வேற என்னத்தச் சொல்றது? தெரியலியே" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்டுபிடித்ததை நீ எடுத்துக்கொள், அந்தப் பதிலை எனக்குக் கொடு என்று அவளிடம் இன்றைக்கும் கேட்க ஆசை.

அந்த வாரக் கூட்டத்தில் மேடம் எல்லாருக்கும் சொன்னார். அளத்து வேலை செய்கிற தாய்மார்களுக்குக் கையை வைத்துப் பார் என்று இனிமேல் சொல்லக்கூடாது, கன்னத்தை வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். ரோஸ்லின் எழுந்து, இதைக் கண்டுபிடித்தது மல்லிகா என்று நடந்ததை அழகாக எடுத்துச் சொன்னாள். கூட்டம் முடிந்ததும் எல்லாரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். எவ்வளவு அழகாகச் சொன்னாள் என்று பாராட்டுவதற்காக.

வெந்துகொண்டே சைக்கிளை எடுத்தேன். நேராகச் சத்யா வீடு. அவளாவது ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லட்டும் என்ற நினைப்பு. வெளிச்சம் மங்கும் நேரம். ஏழுமலை வாசலில் குந்திக்கொண்டு பல் குச்சியைக் கடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் துள்ளி எழுந்து வாயில் விரலை வைத்தான்.

"அக்கா, அக்கா, மணி அடிக்காதீங்க!"

"ஏம்பா, என்ன ஆச்சு?"

"மெதுவா! ரெண்டு பேரும் தூங்கறாங்க."

படலைக் கொஞ்சம் நகர்த்திக் காட்டினான். பாயில் குழந்தை மல்லாந்து கிடந்தது, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிப் போட்டுக்கொண்டு, யாரிடமோ சரணடைந்தது போல. துண்டு அக்குளில் இருந்தது. கை எட்டும் தூரத்தில் வேறொரு பாயில் சத்யா. வாய் லேசாகத் திறந்திருந்தது. குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள், நல்ல கனத்த குறட்டை. குழந்தை அதைச் சட்டை செய்யவே இல்லை.

"ஒரு வார்த்த பேசிட்டுப் போறேனே" என்றேன்.

"வேணாங்கக்கா. நீங்க ஒரு வார்த்த பேசினா ஊரே எழுந்துக்கும். அப்புறமா வாங்க."

என் எல்லையில், நான் பார்க்கிற வீட்டு வாசலிலிருந்து என்னைத் துரத்திவிட்டான். சைக்கிள் மணியில் கை படாமல், செருப்புச் சத்தம் வராமல், வரப்பு முடிகிற வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தேன்.

இதை நான் ரோஸ்லினிடம் சொன்னதில்லை. இந்த மலரில்தான் முதல் முதலாகப் படிப்பாள். படிக்கட்டும். அந்தக் குறட்டையைக் கேட்க அன்றைக்கு நாம் அங்கே இல்லாமல் போனோமே என்று, ஒரு நாளாவது வயிறு எரியட்டும்.